முதல் கரண்டிப் பயறு

“கரண்டியைக் கீழ வையும் வே” என்றார் சாலமோன்ராஜ் அண்ணாச்சி. நான் வைக்கவில்லை. அவர் எங்கள் சபைச் செயலாளர். அவர் சொன்னால் கோயில் மணி அடிக்கும், அவர் சொன்னால் நிற்கும். அப்படிப்பட்டவர் அண்டாவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். நான் இந்தப் பக்கம் நிற்கிறேன். நடுவில் பயறு. மூடி போட்டிருக்கிறது. மூடிமேல் என் இடது கை, வலது கையில் கரண்டி. வெளியே பந்தலில் ஊரே இலை போட்டு உட்கார்ந்திருக்கிறது. மதியம் தாண்டிவிட்டது. இலையெல்லாம் காற்றில் சுருள ஆரம்பித்துவிட்டது.

இதில் தப்பு யார்மேல் என்று நீங்களே சொல்லுங்கள். அவசரமில்லை. தூத்துக்குடி போகிறவரைக்கும் நேரம் இருக்கிறது. நான் கொஞ்சம் மெதுவாகத்தான் பேச வேண்டும். முன்னால் நீலச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அது என் மனைவி பாக்கியக்கனி. பக்கத்தில் என் மகள் கெத்சியாள். போகிற வீட்டில் நான் வாயே திறக்கக்கூடாது என்று சொல்லி, பாக்கியக்கனிதான் என்னைத் தனியாக இங்கே உட்கார வைத்திருக்கிறாள். அங்கே போய்ப் பேசக்கூடாது என்றுதான் சொன்னாள். பஸ்ஸில் பேசக்கூடாது என்று சொல்லவில்லை. சொன்னதைச் சொன்னபடி கேட்கிறவன் நான். என் கஷ்டமே அதுதான்.

நீங்கள் வேதக்காரர் இல்லை போலிருக்கிறது. நெற்றியைப் பார்த்தேன். அதனால் ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். ஐயர் என்றால் எங்கள் பக்கத்தில் பாதிரியார். அசனம் என்றால் கோயில் பண்டிகையின் கடைசி நாளில் எல்லோரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுவது. எல்லோரும் என்றால் எல்லோரும்தான், உங்கள் ஆட்களும் வருவார்கள். எல்லா ஊரிலும் சோறும் கறியும் போடுவார்கள். எங்கள் ஊரில் அதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்துத் தாது வருஷப் பஞ்சத்தில் எங்கள் சபையில் அரிசி இல்லை, ஒன்றும் இல்லை. யாரோ ஒரு அம்மாள் மடியில் கொண்டுவந்த சிறுபயறை அவித்து, ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்துப் பண்டிகை கொண்டாடினார்கள். அதனால் இன்றைக்கும் இலையில் முதலில் விழுவது பயறு. ஐயர் பயறுக்கு ஜெபம் செய்வார். முதல் கரண்டி பயறு விழும். அது விழாமல் சோறு விழாது, கறி விழாது, அப்பளம்கூட விழாது.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் பின்னால் வருகிறது விளங்கும்.

அசனத்துக்கு முந்தின ஞாயிறு தவமணி ஐயர் சம்மாவைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். சம்மாவை உங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் ஆட்களுக்கே தெரியாது. தாவீது ராஜாவைத் தெரியும் அல்லவா, கவண் கல்லால் கோலியாத்தை அடித்தவர். அவருடைய பராக்கிரமசாலிகளில் ஒருவன் சம்மா. வேதத்தில் அவனுக்கு ரெண்டே ரெண்டு வசனம். பெலிஸ்தர் என்று எதிராளிகள் திரண்டு வருகிறார்கள். அங்கே ஒரு வயல். வயல் நிறையச் சிறுபயறு. ஜனங்கள் எல்லோரும் ஓடிவிட்டார்கள். சம்மா ஓடவில்லை. வயல் நடுவில் நின்றான். நின்று அதைக் காப்பாற்றினான். அவ்வளவுதான் கதை.

அரண்மனை இல்லை, கோட்டை இல்லை, பயறு. ஐயர் அதைத்தான் சொன்னார். “உனக்குக் கொடுத்தது பயறு வயலாவே இருக்கட்டும். அது உன் பொறுப்பு. நில்லு” என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. பெண்கள் பக்கம் திரும்பிப் பாக்கியக்கனியைப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். சபையில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சம்மாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னுடைய இத்தனை வயதில் சபையில் எனக்கு ஒரு பொறுப்பும் நிலைத்ததில்லை. ஒருமுறை காணிக்கைப் பை பிடிக்கச் சொன்னார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் அவர் போடுகிறவரைக்கும் நின்றேன். அதோடு வாங்கிவிட்டார்கள். பாடகர் குழுவுக்குக் கதவு பார்க்கச் சொன்னார்கள். தாமதமாக வந்தவர்களை நான் உள்ளே விடவில்லை. அன்றைக்குத் தாமதமாக வந்தது ஆர்மோனியம் வாசிக்கிறவர். அதுவும் போயிற்று. இந்த வருஷம் அசனத்துக்கு வேலை பிரித்தபோது “பயறு அண்டாவை ஞானசிகாமணி பாத்துக்கிடட்டும்” என்றார் அண்ணாச்சி. “அதுல அவரு என்னத்தக் கெடுக்கப்போறாரு” என்று பின்னால் யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. விழட்டும்.

அசனத்துக்கு முந்தின நாள் அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். போன வருஷம் முதல் பந்திக்கு முன்னாலேயே ஆளுக்கு ஒரு தூக்குவாளியோடு பின்பக்கம் வந்து, பயறை வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள் உப்பளத்து ஆட்கள். வேலை முடிந்து குளித்துவிட்டு வர அவர்களுக்கு நேரமாகும். போன வருஷம் அவர்கள் இலையில் பயறு விழவில்லை. வெறும் ரசம். அதைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

“அதனால சொல்லுதேன் வே. ஐயர் வந்து ஜெபிக்காம மூடியத் தொறக்கக் கூடாது. எவன் கேட்டாலும் கெடையாது. நானே வந்து கேட்டாலும் கெடையாது, ஆமா.”

நானே வந்து கேட்டாலும். அவர் வாயால் சொன்னது. நான் சேர்க்கவில்லை.

இப்போது மகள் விஷயம். கெத்சி திருச்செந்தூரில் ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். முப்பதை நெருங்கிவிட்டாள். நிறைய இடம் வந்தது. எல்லாம் தட்டிப்போனதற்கு நான்தான் காரணம் என்று பாக்கியக்கனி சொல்வாள். ஒரு மாப்பிள்ளையிடம் சின்னத் தீர்க்கதரிசிகள் பன்னிரண்டு பேரையும் வரிசையாகச் சொல்லுங்கள் என்றேன். ஒபதியாவோடு நின்றுவிட்டான். இன்னொருவன் பத்துக் கற்பனையில், அதாவது பத்துக் கட்டளையில், இரண்டைச் சேர்த்து ஒன்றாகச் சொன்னான். நான் திருத்தினேன். திருத்தினால் கோபப்படுகிறவன் எப்படிக் குடும்பம் நடத்துவான்? கெத்சி இதற்கெல்லாம் எழுந்து உள்ளே போய்விடுவாள். கொஞ்ச நாளாக எந்தப் போட்டோவைக் காட்டினாலும் “வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை பாக்கியக்கனியின் தங்கை ஒரு இடம் சொன்னாள். பையன் பெயர் ஏனோஸ். தூத்துக்குடியில் ஏ.சி. மெக்கானிக், சொந்தமாகச் செய்கிறான். அப்பா இல்லை, அம்மா லில்லிபுஷ்பம் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவர். கெத்சி போட்டோவைப் பார்த்தாள். வைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் “சரிம்மா” என்றாள். பாக்கியக்கனி அடுப்படிக்குள் போய் அழுதாள்.

பெண் பார்க்க வருகிறோம் என்று தனியாக வந்தால் ஊருக்குத் தெரியும், தட்டிப்போனால் அதுவும் தெரியும். அதனால் அசனத்துக்கு வருகிற மாதிரி வந்து, சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து காப்பி குடித்துப் பேசி முடிப்பது என்று ஏற்பாடு. முந்தின நாள் கெத்சி என்னிடம் வந்தாள். “அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நாளைக்கு மட்டும் நீங்க அவங்ககிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. ஒண்ணும் திருத்தாதீங்க. எனக்காக.” பேசிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்கு வேற பொறுப்பு இருக்கு மக்கா, எனக்கு அதுக்கே நேரம் இருக்காது” என்றேன். உண்மையாகவே அப்படித்தான் ஆயிற்று.

அன்றைக்குக் காலையிலேயே பக்கத்துச் சபையில் ஒரு பெரியம்மா இறந்துபோனார். ஐயருக்கு நாலைந்து ஊர்ச் சபைகள், அதுவும் அவர் பொறுப்பு. அடக்கம் பண்ணிவிட்டு வந்துவிடுகிறேன் என்று போனார். அங்கே மகன் மஸ்கட்டிலிருந்து வர வேண்டும், விமானம் தாமதம், பெட்டியை மூட மாட்டோம் என்கிறார்கள். இங்கே சோறு வடித்தாயிற்று. கறி இறக்கியாயிற்று. பயறை இறக்கி மூடி போட்டு என்னிடம் விட்டார்கள். நான் நின்றேன்.

முதலில் தூக்குவாளிகள் வந்தன. வீட்டில் படுக்கையில் ஆள், பிள்ளைத்தாய்ச்சி, பஸ்ஸுக்கு நேரமாகிறது, இப்படி ஒவ்வொரு தூக்குவாளிக்கும் ஒரு காரணம். “ஐயர் ஜெபிக்கணும்” என்றேன். போய்விட்டார்கள். அதுவரை எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். “சரியான ஆளப் போட்டிருக்காங்க” என்று சாலமோன்ராஜ் அண்ணாச்சியே முதுகில் தட்டிவிட்டுப் போனார். அதை அவர் இப்போது மறந்துவிட்டார்.

அப்புறம் ஐயர், உபதேசியாரே ஜெபித்துவிடட்டும் என்று சொல்லி அனுப்பினாராம். உபதேசியார் என்றால் ஐயருக்கு அடுத்தபடி. நல்ல மனிதர். கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். “தொறங்க அண்ணாச்சி, ஜெபிச்சிருவோம்.”

“நீங்க ஐயரா?” என்று கேட்டேன்.

“இல்ல.”

“எனக்கு ஐயர்னுதான் சொல்லியிருக்கு.”

அவர் மூடியைப் பார்த்தார். பிறகு “அதுவும் சரிதான்” என்று சொல்லிவிட்டுப் போய் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு என்மேல் வருத்தம் கிடையாது. நியாயத்தைச் சொன்னால் ஒத்துக்கொள்கிறவர்.

சமையல் மாடசாமி வந்தான். “அண்ணாச்சி, மூடியே வச்சிருந்தா இறுகிப்போவும். ஒரு தடவ கிண்டிட்டு மூடிக்கிடுதேன்” என்றான். மூடியைத் திறந்தால்தானே கிண்ட முடியும்? “நானு பொங்கினது அண்ணாச்சி, எங்கிட்டயுமா?” என்றான். வயலை விதைத்தவனே வந்து கேட்டால் சம்மா கொடுத்திருப்பானா? தெரியவில்லை, வசனத்தில் இல்லை. அதனால் நான் கொடுக்கவில்லை. “ஒங்க வேதத்துல இன்னும் எத்தன பேரு இப்பிடி இருக்காங்க?” என்று கேட்டுவிட்டு பீடி குடிக்கப் போய்விட்டான்.

பிறகு வந்ததுதான் ஃபோன். அண்ணாச்சி தம்முடைய ஃபோனை அண்டாமேல் நீட்டினார், ஸ்பீக்கரில் போட்டு. “ஞானசிகாமணி, நான்தான் பேசுதேன். எனக்கு இன்னும் நேரமாகும். ஜனங்க பசியோட இருக்காங்க. நான் இங்கருந்தே ஜெபிக்கேன், நீங்க தொறந்து குடுங்க.”

ஐயர் குரல்தான். ஆனால் எங்கள் ஊரில் பிரின்ஸ் என்று ஒருவன் இருக்கிறான். கிறிஸ்மஸ் நிகழ்ச்சியில் ஐயர் மாதிரியே பேசிக் காட்டுவான், இருமல் முதற்கொண்டு. ஐயரம்மாவே ஏமாந்திருக்கிறார். நான் பந்தலில் பிரின்ஸைத் தேடினேன். காணவில்லை. அண்ணாச்சி தாம் சொன்ன வார்த்தையைத் தாமே மீறுகிறவர் என்றால், இதையும் செய்யமாட்டாரா?

“நீங்க ஐயர்தான்னா, போன ஞாயிறு சம்மா பிரசங்கத்துல மூணாவது பாயிண்ட் என்ன, சொல்லுங்க” என்றேன்.

அந்தப் பக்கம் பின்னால் யாரோ ஒப்பாரி வைக்கிறது மட்டும் கேட்டது. “மூணாவது பாயிண்ட்டா?” என்றது குரல்.

ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிரசங்கம் கேட்ட நான் மறக்கவில்லை. செய்தவர் மறப்பாரா?

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. அப்போதுதான் “கரண்டியைக் கீழ வையும் வே” என்றார். “நான் சொல்லுதேன்ல, தொறவும்” என்றார்.

“நீங்களே வந்து கேட்டாலும் கெடையாதுன்னு சொன்னீங்க.”

“அது நேத்து வே!”

“இன்னைக்குக்குத்தானே நேத்து சொன்னீங்க?”

அவர் பந்தலைப் பார்த்துக் கத்தினார். “யாராவது வந்து இந்த ஆளப் பிடிச்சி அங்கிட்டு இழுங்கல!” இரண்டு பேர் எழுந்தார்கள். ஆனால் இழுக்கும்போது அண்டா சரிந்தால் பயறு மண்ணில் போய்விடும். தாது வருஷத்துப் பயறு, யார் அந்தப் பாவத்தை வாங்கிக்கொள்வது? எழுந்தவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். சரி, பயறை விட்டுவிட்டுச் சோற்றைப் போடுவோமா என்று ஒரு பேச்சு வந்தது. இலை முன்னால் இருந்த கிழவிகள் எல்லோரும் ஒரே வாயாக “ஐயோ” என்றார்கள். அந்தப் பேச்சும் அதோடு நின்றது. ஊர் முழுக்க என் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் இதில் பெருமைப்படவில்லை. கை வலித்தது. சம்மாவுக்கு முந்தின ஆள் எலெயாசார், அவனுக்குக் கை பட்டயத்தோடு, அதாவது வாளோடு, ஒட்டிக்கொண்டதாம். அவன் வேறு, சம்மா வேறு. கலக்கக்கூடாது.

பாக்கியக்கனி திரும்பிப் பார்க்கிறாள். நீங்கள் ஏதாவது பேசுங்கள். ஆமாம், மழையே இல்லை. சரி, திரும்பிவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை வீட்டார் அண்டாப் பக்கம் வந்தார்கள். இவ்வளவு நேரம் அவர்களும் பந்தலில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முன்னால் பாக்கியக்கனி, முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்குப் பின்னால் அந்த அம்மா லில்லிபுஷ்பம், அவருடைய அண்ணன், பையன், கடைசியாகக் கெத்சி.

“இவங்கதான்” என்றாள் பாக்கியக்கனி. கண்ணாலேயே என்னென்னவோ சொன்னாள்.

“தம்பி, எனக்குச் சர்க்கரை” என்றார் அந்த அம்மா. “நேரத்துக்குச் சாப்பாடு வந்துரும்னு நம்பி மாத்திரைய போட்டுட்டேன். இப்ப கை நடுங்குது. சோறு வேண்டாம். பயறு ஒரு கரண்டி குடுங்க, போதும்.”

கெத்சி என்னைப் பார்த்தாள். நான் அவளுக்குக் கொடுத்த வாக்கை மறக்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் திருத்தவில்லை. சம்மாவைப் பற்றி மட்டும் சொன்னேன், சுருக்கமாகத்தான். நீங்களே யோசித்துப் பாருங்கள், பெண் கொடுக்கிற வீடு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா? சம்பந்தி என்று பார்த்து வளைந்துகொடுக்கிறவன் என்றால் நாளைக்கு யாருக்கும் வளைவான். வருங்காலச் சம்பந்திக்கே கொடுக்காதவன் என்றால் அந்த ஆளை எவ்வளவு நம்பலாம்! இது அவர்களுக்குத் தானாகப் புரியும் என்று நினைத்தேன். என் சட்டைப் பையில் இருமல் மிட்டாய் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

அவருடைய அண்ணன் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. “யம்மா லில்லி, இவர சம்பந்தியாக்கினா கல்யாணத்துக்கு வாறவனெல்லாம் வீட்டுலயே தின்னுட்டுத்தான் வரணும்” என்றார்.

“அப்படி இல்லைங்க. ஐயர் ஜெபிச்சதும் போட்டுருவேன்” என்றேன்.

பாக்கியக்கனி கண்ணை மூடிக்கொண்டாள். கெத்சி ஓடிப்போய்ப் பெட்டிக் கடையில் ஒரு கலர் பாட்டிலும் வாழைப்பழமும் வாங்கிவந்து, அந்த அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, தன் சேலைத் தலைப்பால் விசிறினாள். கொஞ்ச நேரத்தில் அவருக்குச் சரியாகிவிட்டது. எழுந்து அவரும் அண்ணனும் வேனுக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்கு வரவில்லை. காப்பி குடிக்கவில்லை. பையன் போகவில்லை. வேனில் இடம் இல்லை போலிருக்கிறது.

கெத்சி என் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். “அப்பா, ஒண்ணும் கேக்காதீங்கன்னுதான் சொன்னேன்” என்றாள்.

“நான் எங்க கேட்டேன்? நின்னேன், அவ்வளவுதான்.”

அதன்பிறகு கூட்டம் கலைய ஆரம்பித்தது. வீட்டில் அரிசி இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போனார்கள். பைக் இருக்கிறவர்கள் மெயின்ரோட்டு விலக்கில் இருக்கிற புரோட்டாக் கடைக்குப் போனார்கள். அண்ணாச்சியும்தான் போனார், நான் பார்த்தேன். ஜனங்கள் எல்லோரும் ஓடிப்போனார்கள் என்று வசனத்தில் இருக்கிறதே, அது என் கண்முன்னால் நடந்தது. உப்பளத்து ஆட்கள் மட்டும் அப்போதுதான் வந்து சேர்ந்தார்கள், குளித்த தலையோடு, பிள்ளைகளோடு. பந்தி முடிந்திருக்கும், மிச்சம் எங்கே கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டே பின்பக்கமாக வந்தார்கள். முன்வரிசை காலியாகக் கிடந்தது. எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்கள். அந்தப் பையன்தான் “இங்கயே உக்காருங்க” என்று சொல்லி, கிடந்த இலையை எல்லாம் தட்டிப் போட்டான். அவன் யார், நம் ஊர்ப் பந்தியில் இடம் சொல்ல? ஆனால் நான் ஒன்றும் திருத்தவில்லை.

ஐயர் யாரோ ஒருவருடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார். வெயில் தணிந்துவிட்டது. அங்கி முழுக்கச் செம்மண். நேராக அண்டாவுக்கு வந்தார். என்னைப் பார்த்தார். பந்தலைப் பார்த்தார். கண்ணை மூடி மூன்று வார்த்தை ஜெபித்தார். ஆமென் சொன்னதும் நான் மூடியைத் திறந்தேன். கரண்டியை விட்டேன், நட்ட கம்பு மாதிரி நின்றது. மாடசாமி வெந்நீர் ஊற்றிக் கிளறினான். அப்புறம் நான் என் கையாலேயே பரிமாறினேன். எல்லா இலையிலும் பயறு விழுந்தது. இரண்டாம் தடவையும் விழுந்தது. ஒரு கிழவர் “இன்னொரு கரண்டி போடுங்கய்யா” என்று கேட்டார். போட்டேன். பையன் செம்பை வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தான். கடைசியில் அவனும் உட்கார்ந்தான். மூன்றுமுறை வாங்கிச் சாப்பிட்டான். பசி, பாவம்.

ஐயரும் சாப்பிட்டார். கை கழுவும்போது நான் பக்கத்தில் போய் நின்றேன். “ஐயரே, நான் நின்னேன்” என்றேன்.

அவர் ரொம்ப நேரம் கை கழுவினார். “ஞானசிகாமணி, என் பிரசங்கத்துல ரெண்டு பாயிண்ட்தான்யா இருந்துச்சு. மூணாவது கெடையாது” என்றார்.

மூன்றாவது, யார் வந்து கேட்டாலும் விட்டுக்கொடுக்காதே என்பது. நானாகச் சேர்த்துக்கொண்டேன் போலிருக்கிறது. அதுவும் நல்ல பாயிண்ட்தான்.

“சம்மா பிரசங்கத்த இனிமே நான் எந்தச் சபையிலயும் சொல்லப்போறதில்ல” என்றும் சொன்னார். ஒருவருக்கு ஆழமாகப் புரிந்துவிட்ட பிறகு திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? அவர் அப்படிச் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தற்பெருமையாகிவிடும். உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் வெளியாள்.

கமிட்டி கூடி, அடுத்த வருஷம் எனக்குக் கோயில் வாசலில் செருப்புப் பார்க்கிற வேலை என்று முடிவு செய்திருக்கிறார்கள். அவமானப்படுத்துவதாக நினைப்பு. செருப்பும் ஒரு வயல்தான். அடையாளம் சொல்லாமல் ஒரு ஜோடி வெளியே போகட்டும், பார்க்கலாம்.

வீட்டில்தான் கஷ்டம். பாக்கியக்கனி பேசவே இல்லை. பேசாமல் இருப்பதில் அவளுக்கு ஒரு பலம் உண்டு. தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிடுவாள். போன வாரம் அவள் தங்கை வந்து இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசினார்கள். நேற்று அந்த லில்லிபுஷ்பம் அம்மாவே ஃபோன் செய்தார். குடும்பத்தோடு வரச் சொன்னாராம். எதற்கு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. போட்டோவைத் திருப்பித் தரத்தான் இருக்கும். அதற்கு ஒரு கவரும் ஸ்டாம்பும் போதாதா? இத்தனை பேர் பஸ் ஏறிப் போகவேண்டுமா? கெத்சி புதுச் சேலை வேறு கட்டிக்கொண்டு வருகிறாள். போட்டோ வாங்கப் போகிறதற்குப் புதுச் சேலை. நான் ஒன்றும் கேட்கவில்லை.

கெத்சி வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டேன் என்று பாக்கியக்கனி நினைக்கிறாள். எனக்கும் ஒரு நேரம் அப்படித் தோன்றும், இல்லை என்று சொல்லமாட்டேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்திருந்தால் உப்பளத்து ஆட்கள் இலை இந்த வருஷமும் காலியாகத்தான் இருந்திருக்கும். அதையும் நினைத்துக்கொள்வேன். இரண்டையும் நினைத்தால் தூக்கம் வராது. சம்மாவுக்குப் பெண் பிள்ளை இருந்ததா என்று வசனத்தில் இல்லை.

அப்புறம் என்ன, அவ்வளவுதான். அசனத்துக்கு மறுநாள் காலையில் அண்டாவைக் கழுவ நான்தான் போனேன். பொறுப்பு என்றால் கழுவிக் கவிழ்க்கிறவரைக்கும் பொறுப்பு. கமிட்டிக்காரர்கள் ஒருத்தரும் வரவில்லை. கெத்சி மட்டும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள். உட்கார்ந்து தேய்த்தாள். அடியில் பயறு இறுகிப் பிடித்திருந்தது. தேய்த்து முடிக்க வெயில் ஏறிவிட்டது.

அப்போது ஒரு பைக் வந்து நின்றது. அந்தப் பையன். முந்தின நாள் கடைசி பஸ்ஸில்தான் ஊருக்குப் போயிருக்கிறான், விடிந்ததும் திரும்ப வந்திருக்கிறான். அம்மாவுடைய குடையை இங்கே விட்டுவிட்டார்களாம். தேடினோம். பந்தலில் இல்லை, சமையல் கொட்டகையில் இல்லை. அவர்கள் குடை கொண்டுவந்த மாதிரியே எனக்கு ஞாபகம் இல்லை. தூத்துக்குடியில் குடை விற்கவில்லையா? ஒரு குடைக்காக இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டு வருகிறவன் எப்படிக் குடும்பம் நடத்துவான் என்று எனக்குத் தோன்றியது. வாக்குக் கொடுத்திருந்ததால் கேட்கவில்லை.

“இல்லன்னா பரவாயில்ல மாமா” என்றான். போகாமல் நின்றான். அண்டாவைக் கோயில் சாமான் அறைக்குள் தூக்கி வைக்க வேண்டும், ஒரு ஆளால் ஆகாது. அவனாகவே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் வந்து குனிந்தான். அந்த அண்டாவின் காது இரண்டும் தேய்ந்து விளிம்பு கூராகிவிட்டது, தூக்குகிறபோது விரலை அறுக்கும். பிடிதுணி ஒன்றுதான் கிடந்தது. கெத்சி அதை எடுத்து உதறி, மடித்து, அவன் பக்கத்துக் காதில் சுற்றினாள். நான் இந்தப் பக்கத்துக் காதைப் பிடித்தேன். தூக்கினோம்.